ஆறுமுகம் என்று ஒரு பெண்பிள்ளை

"ஆறுமுகம்... ஆறுமுகம்..."

வார்டு வாசலில் நின்று மிஸி கூப்பிட்டார். தாதிமாரை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். வெள்ளைத் தொப்பி, கையில் நீளமான ஒரு புத்தகம். யாரும் பதில் சொல்லவில்லை.

அது பிரசவ வார்டு. இருபது கட்டிலிலும் பெண்கள். சிலர் பெற்றவர்கள், சிலர் பெறப்போகிறவர்கள். இங்கே ஆறுமுகத்துக்கு என்ன வேலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கால் உடைந்து வந்த எவனோ வழி தெரியாமல் நுழைந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு எதிர்க் கட்டிலுக்கு அடியில்கூடக் கண்ணை ஓட்டினேன்.

மிஸி மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார், கட்டில் நம்பரைப் பார்த்தார், நேராக என்னிடம் வந்தார். என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த மகளைத் தூக்கி, கன்னத்தைத் தட்டி, "ஆறுமுகம்" என்று ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டு, நிறுக்கக் கொண்டுபோனார்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் காலை அது. என் ரவிக்கையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். சென்ற வாரம் என் கல்யாணக் கதையைப் படித்த ஒருவர், "அடுத்து பிள்ளைப்பேறு, பால், தீட்டு என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், குடும்பத்தோடு படிக்கிறோம்" என்று கடிதம் போட்டிருக்கிறார். குடும்பம் எப்படி உண்டாகிறது என்று அவருக்கு யாராவது சொன்னால் நல்லது. நான் எழுதத்தான் போகிறேன்.

கொழுந்து லொறியில்

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. நம்மால் அவர்களுக்கு எதற்கு வம்பு. மலையில் இருந்தது, எப்போதும் பனி மூடிக் கிடந்தது, அதுவரை தெரிந்தால் போதும்.

நான் பிறந்தது றொசல்லைப் பக்கத்துத் தோட்டம். வாழ்க்கைப்பட்டு வந்தது அக்கரப்பத்தனைக்கு மேலே. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதுவரை பிறந்த பிள்ளைகளெல்லாம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள், அடுப்பு மூலையில், சாக்கை விரித்துப் பிறந்ததுகள்தான். என் பிள்ளை மட்டும் கால் கீழாக உட்கார்ந்திருந்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு அடங்காது. புள்ள உக்காந்திருக்கு. டவுனுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டாள்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் போனேன். பச்சைக் கொழுந்து வாசனை எனக்குச் சோறு போட்ட வாசனை. அன்றைக்கு மட்டும் அது குமட்டியது. என் வீட்டுக்காரர் வேலு ஒரு கையால் என்னையும் மறு கையால் லொறிப் பலகையையும் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் சட்டைப்பையில் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது. அந்தத் துண்டைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

அதில் என் பேர் மூக்காயி என்று எழுதியிருந்தது.

என் பேர் தெய்வானை. கல்யாணமாகி வந்து முதல் நாள் பெரட்டுக்குப் போனபோது, அதாவது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனபோது, கணக்கப்பிள்ளை பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "தெய்வானையா? ஏற்கனவே ரெண்டு தெய்வானை இருக்காளுக. ஒன்னய மூக்காயின்னு போட்டுக்கிறேன்" என்றார். புது மருமகள் என்ன பேசுவாள். தலையை ஆட்டினேன். மறுநாளிலிருந்து மூக்காயி என்று கூப்பிட்டால் "இருக்கேங்க" என்றேன். இரண்டு வருஷத்தில் அது பழகிவிட்டது. செருப்பு கடித்தாலும் நாளாக நாளாகக் கால் மரத்துப் போகும் அல்லவா, அப்படித்தான்.

பிரசவத்தைப் பற்றி ஒரே பாராவில் சொல்லிவிடுகிறேன், கடிதக்காரருக்காக. கத்தவில்லை என்றால் பொய். ஆஸ்பத்திரித் தகரக்கூரை அதிரக் கத்தினேன். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு மறு கால், எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை. உலகத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே கால் பதித்துப் பார்த்தவள் என் மகள். மிஸி அவளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கர்வம். தோட்டத்துத் துரையே எதிரில் நின்றிருந்தாலும் அன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன்.

யாரு சாடை?

பிரசவம் பார்த்த மிஸி வேறு. மறுநாள் காலை எழுத வந்த மிஸி வேறு. பிள்ளை சிவப்புக் கம்பளியில் மூக்கு மட்டும் தெரியச் சுருண்டு கிடந்தது. நான் இனாமல் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

மிஸி குனிந்து பார்த்துச் சிரித்தார். "லமயாகே நம மொகத?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. கடைத்தெருவில் பொறுக்கிய நாலைந்து வார்த்தைகள்தான் கைவசம். லமயா என்றால் பிள்ளை, அது தெரியும். மிச்சத்தை என் காது தமிழாக்கிக்கொண்டது. "பிள்ளை நம்ம மொகமா?"

எவ்வளவு நல்ல மிஸி, பிள்ளை யார் சாடை என்று விசாரிக்கிறாரே என்று மனம் குளிர்ந்தது. எங்களில் பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அப்பன் சாடையா, ஆத்தா சாடையா? பேர் என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முப்பதாம் நாள் கும்பிட்டு, நாத்தனார் வந்து காதில் சொல்லும்வரை பிள்ளைக்குப் பேரே கிடையாது. இல்லாத ஒன்றைப் படித்த மிஸி கேட்பார் என்று நான் எப்படி நினைப்பேன்.

"இல்லீங்க மிஸி. அப்பா மொகம்" என்றேன்.

"ஆ... ஆறுமுகம்?"

அவர் நாக்குக்கு அப்பா மொகம் அப்படித்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, பெருமையாகத் தலையை ஆட்டினேன். "ஆமாங்க, அப்பா மொகமேதான்."

"ஹரி", சரி, என்று சொல்லி அவர் கட்டில் சீட்டில் எழுதிக்கொண்டார். ஆறுமுகம் என்பது தோட்டத்து ஆண்களின் பேர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பக்கத்துக் கட்டத்தில் ஆண் என்றும் போட்டார். கம்பளியைப் பிரித்துப் பார்க்க அவருக்கு என்ன அவசியம். தாயே தலையாட்டிச் சொல்லியிருக்கிறாள்.

கொத்தமல்லி

என் கட்டில் பன்னிரண்டு. பதினோராம் கட்டிலில் மெனிக்கே இருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், காய்கறிப் பயிர் செய்கிற குடும்பம். அவளுக்கு அது இரண்டாவது பிள்ளை, பையன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம்.

வெளியே மொழிக்காக மனிதர்கள் முறைத்துக்கொண்டு திரிந்த வருஷங்கள் அவை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். அந்த இடைவெளியில் எங்கள் இருவருக்கும் பொதுவாக இரண்டு வார்த்தைகள் இருந்தன. ஒன்று அக்கா. இன்னொன்று கொத்தமல்லி. அவள் வீட்டிலிருந்து வந்த கஷாயத்தை என் கோப்பையில் பாதி ஊற்றி, "கொத்தமல்லி" என்றாள். நான் "கொத்தமல்லி" என்றேன். அதையே ஒரு சம்பாஷணையாக இரண்டு நாள் ஓட்டினோம்.

அந்த மூன்றாம் நாள், மிஸி பிள்ளையை ஆறுமுகமாகக் கொண்டுபோய் ஆறுமுகமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, நான் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மெனிக்கே எழுந்து வந்தாள். என் பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள். மறுபடி கட்டில் காலில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது.

தன் நெஞ்சில் கையை வைத்து, "மகே நம மெனிக்கே" என்றாள்.

பிறகு தன் பையனைத் தொட்டு, "புத்தாகே நம பந்துல" என்றாள்.

பிறகு என் மகளைத் தொட்டு, புருவத்தைத் தூக்கி, "நம?"

நம. பேர். அந்த ஒரு வார்த்தை உள்ளே இறங்கியதும் முந்தின நாள் காலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. மிஸி கேட்டது நம்ம மொகத்தை இல்லை. பேரைக் கேட்டிருக்கிறார். நான் என் வீட்டுக்காரர் மூஞ்சியைக் கொடுத்திருக்கிறேன்.

சிரிக்கத்தான் வேண்டும், இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

வேலு யார், வேலாயுதம் யார்?

நாற்பத்தெட்டில் வந்த சட்டம் தோட்டத்துத் தமிழர் எங்களையெல்லாம் ஒரே எழுத்தில் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆக்கியது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும், அத்தாட்சி காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் தாள் தாளாகச் சேர்த்து எழுதிப் போட்டார். இரண்டு வருஷம் காத்திருந்து, கூப்பிட்ட நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனார்.

பிறந்த தாளில் வேலாயுதம். தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் வேலு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் தட்டி, "வேலு யாரு? வேலாயுதம் யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் நாந்தாங்க."

"ஒரு ஆளு எப்படி ரெண்டு பேரா இருக்க முடியும்?"

மனுவைத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தார். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார். அன்றிலிருந்து தாள் என்றாலே அவருக்கு ஒரு பயம். இந்த மண்ணில் பிறந்து, இந்த மலையில் முள்ளுக்குத்தி மண்ணைக் கிளறிய மனிதனை நாலு எழுத்து இல்லாதவனாக்கிவிட்டது. நான் கர்ப்பமானபோதே மனதுக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். என் பிள்ளைக்கு ஒரு பேர், ஒரே பேர், அது சரியான பேர், முதல் நாளிலிருந்தே தாளில் இருக்க வேண்டும்.

இப்போது பாருங்கள் என் சாமர்த்தியத்தை. பிறந்த மறுநாளே பெண்ணை ஆணாக்கி ஆறுமுகம் என்று எழுதக் கொடுத்திருக்கிறேன்.

பத்தியக் குழம்பும் எம் எழுத்தும்

பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு வேலுவும் அத்தையும் வந்தார்கள். அத்தை என்றால் என் மாமியார். தூக்குச்சட்டியில் பூண்டு போட்ட பத்தியக் குழம்பு. மூடியைத் திறந்ததும் பினாயில் வாசனையெல்லாம் ஓடிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரிகள் மூக்கை உயர்த்தினார்கள்.

நான் சாப்பிடாமல் விஷயத்தைச் சொன்னேன். வேலு கட்டில் காலில் இருந்த சீட்டை எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் மனுப் போட்ட காலத்தில் இரண்டு எழுத்தைப் படித்திருந்தார். எம் என்றால் ஆண், எஃப் என்றால் பெண். சீட்டைப் பார்த்தவர் முகம் செத்துப்போனது.

"எம்-முன்னு போட்டிருக்கு புள்ள" என்றார்.

ஆபீசுக்கு ஓடினார். கால் மணியில் திரும்பி வந்தார். "மிஸிக வெட்டி எழுதக் கூடாதாம். டாக்டருதான் வெட்டி எழுதி ஒப்பம் வைக்கணுமாம். நாளக்கிக் காலையில அவரு சுத்திப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா, சீட்டு பதிவுக்குப் போயிருமாம். அதுக்கப்புறம் மாத்தணும்னா கோட்டு, கச்சேரின்னு அலையணுமாம்."

"அப்ப காலையில நீங்க வந்து சொல்லுங்க."

"காலையில ஆம்பளைங்கள உள்ள விட மாட்டாங்க."

"அப்ப நான் சொல்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டருகிட்டயா? என்ன பாஷையில?"

அத்தை குறுக்கே வந்தாள். அவளுக்கு வேறு கவலை. "என்னடி சொல்லப் போற? வெட்டிட்டு என்ன பேர எழுதுவாங்க? இன்னும் முப்பது கும்புடல. ஒன் நாத்தனா காதுல சொல்லாம, தீட்டோட தீட்டா பேரு வச்சா புள்ளைக்கு ஆகாதுடி. அப்பறமா பாத்துக்கிட்டாப் போவுது, ஆறுமுகமும் சாமி பேருதான."

"அத்த, சாமிக்கு மீச இருந்தாலும் இல்லாட்டியும் யாரும் தாளு கேக்க மாட்டாங்க. எம்புள்ளய கேப்பாங்க."

அத்தை வாயில் கையை வைத்தாள். வேலுவிடம், "பாத்தியாடா, ஒரு புள்ள பெத்துட்டா எப்படிப் பேசுறா" என்றாள். உண்மைதான். மூன்று நாளுக்கு முன்னால் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். கால் முன்னால் வந்த பிள்ளையைப் பெற்றுப் போட்டவளுக்கு அதற்குப் பிறகு எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டே எழுத்து

அவர்கள் போனதும் மெனிக்கேயின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். சீட்டைக் காட்டினேன், பென்சிலால் வெட்டுவது போல் விரலால் வெட்டினேன், டாக்டர் நடந்து வருவதை நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்டவள், சிரித்தால் வலிக்கும், "ஐயோ ஐயோ" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். ஐயோவும் பொது வார்த்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு எனக்குப் பாடம் சொன்னாள். "மே கேனு லமயெக்." இது பெண் பிள்ளை. "மகே துவகே நம..." என் மகளின் பேர்...

அதோடு நின்றது. பேர்?

எனக்குத் தெரிந்த பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாக மெனிக்கேயிடம் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் வாயில் உடையாமல் திரும்பி வருகிற பேரைத்தான் வைப்பது என்று முடிவு. பூங்கோதை என்றேன், புங்கோட என்று வந்தது. வள்ளியம்மை என்றேன், பாதி வழியிலேயே மை உதிர்ந்துபோனது. ஞானசௌந்தரி என்றதும் மெனிக்கே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீளமான பேரை எவனாவது வெட்டிவிடுவான், வேலாயுதத்தை வேலுவாக்கியது போல. வெட்டவும் ஒன்றுமில்லாத, நீட்டவும் இடமில்லாத பேர் வேண்டும்.

"லீலா" என்றேன்.

"லீலா" என்றாள் மெனிக்கே. கொஞ்சம்கூடச் சிந்தாமல் சிதறாமல்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அதே லீலா. அவளுடைய பாஷையிலும் அந்தப் பேர் உண்டாம், அவள் பெரியம்மா மகள் பேராம். பிள்ளையைத் தூக்கி அதன் காதில் நானே சொன்னேன். நாத்தனார் சொல்ல வேண்டிய காதில், முப்பதாம் நாள் சொல்ல வேண்டியதை, மூன்றாம் நாளே சொன்னேன். பிள்ளை கொட்டாவி விட்டது. ஆகாது என்றால் ஒரு தும்மலாவது போட்டிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் கட்டில்

மறுநாள் காலை. ரொட்டித்துண்டும் தேத்தண்ணியும் முடிந்து, கம்பளிகளை இழுத்துச் சரிசெய்து, மிஸிமார் வார்டைக் கோயில் மாதிரி ஆக்கிவிட்டார்கள். டாக்டர் சுற்றி வரும்போது பேச்சு மூச்சு இருக்கக்கூடாது. கேட்டால்தான் பதில். தோட்டத்துப் பெண்களை அவர் கேட்பதும் இல்லை, மிஸியைத்தான் கேட்பார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டில்கள் கழிந்தன. அவருடைய சப்பாத்துச் சத்தம் கிட்டே வரவர என் வாய்க்குள் சொல்லி வைத்திருந்த சிங்களம் ஒவ்வொரு வார்த்தையாகக் கழன்றது. பதினொன்றில் மெனிக்கேயின் தையலைப் பார்த்தார். அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். மகே. துவகே.

பன்னிரண்டு. டாக்டர் சீட்டை எடுத்தார். "ஆறுமுகம்... பாய்... குட்" என்று பேனாவின் மூடியைக் கழற்றினார்.

துரைமார் முன்னால் தலைத்துணியை அவிழ்த்துக் குனிந்து நின்று பழகிய உடம்பு இது. அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நே" என்றேன். இல்லை.

கூட வந்த, அன்றைக்குப் பேர் எழுதிய மிஸி உதட்டில் விரல் வைத்தார். டாக்டரின் பேனா நின்றது. வார்டில் ஒரு பிள்ளைகூட அழவில்லை, அதுகளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

"டொக்டர் மாத்தயா. மே கேனு லமயெக். மகே துவகே நம லீலா."

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை குறையவில்லை. சொன்ன கையோடு கம்பளியைப் பிரித்து, துணியை விலக்கி, என் மகளை அப்படியே இரண்டு கையிலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினேன். அத்தாட்சி கேட்கிற நாட்டில் இதைவிட நல்ல அத்தாட்சி எங்கே கிடைக்கும்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மிஸியைப் பார்த்தார். மிஸிக்குக் காது சிவந்துவிட்டது. "நான் கேட்டேன், இந்த அம்மாதான் ஆறுமுகம் என்று தலையாட்டினார்" என்று சொல்கிறார் என்பது பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்தது. பாவம், அவர் மேல் பிழையில்லை. ஆகவே டாக்டரிடம் தமிழிலேயே சொன்னேன்.

"மிஸி மேல குத்தமில்லீங்க. அவுங்க நம மொகதன்னு கேட்டாங்க. நா நம்ம மொகமான்னு கேக்குறாங்கன்னு நெனச்சு, இல்ல, அப்பா மொகம்னு சொல்லிட்டேங்க."

டாக்டருக்கு ஆஸ்பத்திரித் தமிழ் கொஞ்சம் தெரியும். "வலிக்குதா", "எத்தனை புள்ள" என்ற அளவுக்கு. அவர் புருவத்தைச் சுருக்கி, "நம மொகத... நம்ம மொகமா" என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள். கழுத்தில் மாட்டியிருந்த குழாய் குதிக்கக் குதிக்கச் சிரித்தார். மிஸியிடம் இங்கிலீஷில் விளக்கினார். மிஸி முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு கட்டிலாக இரண்டு பாஷையிலும் பரவி, வாசல்வரை போய்த் திரும்பியது. "ஐயோ ஐயோ" என்று பதினோராம் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

டாக்டர் ஒரு கோடு போட்டார். பேனா கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. எழுதினார். பக்கத்திலே ஒப்பம் வைத்தார். எம்-மையும் வெட்டி, அதற்கும் தனியாக ஓர் ஒப்பம் வைத்தார். அவர் எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் சின்னதாக இருந்தது. வெட்ட இடமில்லாத அளவுக்குச் சின்னது.

அவர் பதின்மூன்றுக்குப் போய்விட்டார். மிஸி மட்டும் நின்றார். சீட்டைத் திருத்தமாகப் பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"அம்மாகே... நம... மொகத?"

சீட்டில்தான் இருக்கிறதே, மூக்காயி என்று. பட்டது போதும் என்று சரிபார்த்துக்கொள்கிறார். தலையை ஆட்டினால் வேலை முடிந்தது. நான் ஆட்டவில்லை. லீலாவின் தாளில் தாய் என்று வேறு எவளோ இருக்கக்கூடாது என்று தோன்றியது. நாளைக்கு ஒருவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூக்காயி யார், தெய்வானை யார் என்று என் மகளைக் கேட்பான்.

"மகே நம தெய்வானை" என்றேன்.

அவர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் பின்னால் மறுபடி ஓடினார்.

மூன்றாவது தெய்வானை

பின்னேரம் லொறியில் வீட்டுக்குப் போனோம். மெனிக்கே கொத்தமல்லி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நான் கொடுக்க ஒன்றுமில்லை, தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த பத்தியக் குழம்பைக் கொடுத்தேன். பந்துல அதன் பூண்டைப் பாலில் குடித்திருப்பான்.

அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது கும்பிட்டு, நாத்தனாரைக் கூட்டிவந்து, கருப்பாயி என்று குலதெய்வத்தின் பேரைக் காதில் ஓதவைத்தாள். ஓதட்டும், காது இரண்டு இருக்கிறது. லயத்தில் கதை பரவி, ஊரே அவளை ஆறுமுகம் என்றுதான் கூப்பிட்டது. இன்றைக்கும் என் வயதுக்காரிகள் அவளைக் கண்டால், "என்னா ஆறுமுகம், சொகமா?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நிற்பாள். தாளில் மட்டும் லீலா.

அந்தத் தாள் வந்த அன்று வேலு பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் அதைக் கையில் வாங்கினார். எஃப் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார். "சரியாத்தான் இருக்கு புள்ள" என்றார். அந்த ஒரு தாள் எங்களுக்கு நாட்டைத் தந்துவிடவில்லை, அது வேறு பெரிய கதை. ஆனால் எங்கள் காம்பராவுக்குள் பிழையில்லாமல் வந்த முதல் தாள் அது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். தாளைப் பார்த்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

லீலாவைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு நான் மறுபடி பெரட்டுக்குப் போன முதல் நாள் நல்ல பனி. பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை லாந்தர் வெளிச்சத்தில் பேர் வாசித்துக்கொண்டே வந்தார்.

"மூக்காயி."

நான் கூடைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"மூக்காயி..."

யாரும் பதில் சொல்லவில்லை. வார்டு வாசலில் நின்ற மிஸி ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை அவர் லாந்தரைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏம்மா, வந்துதான நிக்குற? காது கேக்கலியா?"

"கேக்குதுங்க. மூக்காயி வரலீங்க. எம்பேரு தெய்வானைங்க. எம்மக தாளுல அப்படித்தாங்க இருக்கு, டாக்டரு கையெழுத்தோட."

"ஏற்கனவே ரெண்டு தெய்வானை இருக்காளுகளே."

"மூணாவதும் இருந்துட்டுப் போகட்டுங்க."

அவர் லாந்தரைக் கீழே இறக்கினார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டார். ஒரு கோடு போட்டார், ஏதோ எழுதினார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"தெய்வானை."

பனிக்குள்ளிருந்து மூன்று குரல் வந்தது. என் குரல்தான் பெரிது.